முட்டியில் இறங்கிய சாமி

பிப்ரவரி 10, திங்கள்

இந்த நோட்டு என் யோசனை இல்லை. வத்தலக்குண்டில் கறிக்கடை வைத்திருப்பவனுக்கு நாட்குறிப்பு ஒரு கேடா? ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி சொல்லித்தருகிற ஜெசிந்தா என்ற பிள்ளைதான் கையில் திணித்துவிட்டது. "எப்ப வலிச்சுச்சு, அப்ப என்ன செஞ்சீங்க, கோவம் வந்துச்சா, எல்லாத்தையும் எழுதுங்கய்யா. அடுத்த தடவ வாங்கிப் பாப்பேன்" என்றது. எனக்கு எங்கே கோபம் வருகிறது? மற்றவர்கள் வரவழைக்கிறார்கள். அதை எந்த நோட்டில் எழுதுவது?

பெயர் வீரணன். வயது ஐம்பத்தேழு. வலது முட்டி. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தேய்மானம் கொஞ்சந்தான். இதுக்கு இவ்வளவு வலி இருக்கக் கூடாதே" என்றார். கூடாதாம்! வலி இவரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும் போலிருக்கிறது. நான் மேசையில் கை வைத்தேன். மேசைக் கண்ணாடி விரிசல் விட்டது. மட்டமான கண்ணாடி.

அதன் பிறகுதான் ஜெசிந்தாவிடம் அனுப்பினார்கள். அந்தப் பிள்ளை கொஞ்சம் பஞ்சை எடுத்து முட்டியில் தடவியது. நான் போட்ட கூச்சலில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். பிறகு முட்டியை விட்டுவிட்டு முழங்கையில் கட்டைவிரலால் அழுத்தியது. அங்கேயும் உயிர் போனது. தேய்ந்தது முட்டி, முழங்கைக்கு என்ன வந்தது?

"ஐயா, பாடுறவன் மெதுவாத்தான் பாடுறான். மைக்செட்டுக்காரன் சத்தத்தை முழுசாத் திருகி வச்சுட்டான். உங்க முட்டி கொஞ்சந்தான் கெட்டிருக்கு. நரம்பும் மூளையும் அதப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பழகிருச்சு. இப்ப காத்துப் பட்டாக்கூட அதுக்கு அடிதான். நீங்க நடிக்கல. வலி நெசம்."

நடிக்கவில்லை என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அந்தப் பிள்ளைதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மைக்செட்டைக் குறைப்பதற்கு டாக்டர் ஒரு மாத்திரை எழுதித் தந்தார். பச்சையும் வெள்ளையுமாகக் கூடு போட்ட மாத்திரை. தினம் ஒன்று, நாமாக நிறுத்தக் கூடாது. வேலை செய்ய ரெண்டு மூன்று வாரம் ஆகுமாம்.

ஆஸ்பத்திரிக்குப் போக ஒத்துக்கொண்டதற்கும் காரணம் இருக்கிறது. போன வாரம் என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் முட்டியில் எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தாள். விரல் பட்டதும் கால் தானாக உதறியது. அவள் முகம் அந்தப் பக்கம் இருந்தது. உதடு கிழிந்து ஒரு பல் ஆடுகிறது. நான் வேண்டுமென்று செய்தேனா? அவள் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்து நின்றாள்.

"இன்னொரு தடவ என் மேல கையோ காலோ பட்டுச்சுன்னா நான் தவசி வீட்டுக்குப் போயிருவேன். போனா திரும்ப மாட்டேன். ஆமா, சொல்லிப்புட்டேன்."

தவசி அவள் தம்பி, உசிலம்பட்டியில் இருக்கிறான். பஞ்சவர்ணம் மிரட்டுவதற்காக ஒன்றைச் சொல்கிறவள் இல்லை. அவள் போய்விட்டால் நான் செத்தேன். கல்யாணமான புதிதில் ஒன்றிரண்டு நடந்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. அதெல்லாம் முட்டி நன்றாக இருந்த காலம், அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 12, புதன்

லுங்கியின் ஓரம் முட்டியில் உரசியது. லுங்கியைக் கிழித்துப் போட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நான் வெட்டுக்கட்டைக்கு முன்னால் மணையில் உட்கார்ந்திருந்தேன், காலை நீட்டியபடி. தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிற ஒரு ஆள், "ஈரல்ல அந்தத் துண்டு போடுப்பா, அந்தத் துண்டு" என்று கட்டைமேல் சாய்ந்து விரலை நீட்டினார். அவர் தோளில் மாட்டியிருந்த பை ஆடி வந்து முட்டியில் இடித்தது.

கத்தி கட்டையில் இறங்கியது. பிடுங்க ரெண்டு கை வேண்டியிருந்தது. அவர் விரல் ஒரு நகக்கண் தள்ளி இருந்தது, அவ்வளவுதான். அந்த ஆள் ஈரலை வாங்காமலே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கடை காலி. பயந்தாங்கொள்ளிகளுக்குக் கறி எதற்கு?

வீட்டுக்கு வந்து பஞ்சவர்ணத்திடம் வியாபாரம் மந்தம் என்று மட்டும் சொன்னேன். அவள் அதற்குள் யாரிடமோ கேட்டுவிட்டிருக்கிறாள். சோறு போடும்போது தட்டைக் கையெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

பிப்ரவரி 21, வெள்ளி

மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது. முட்டி அப்படியேதான் இருக்கிறது. ஜெசிந்தா சொன்னபடி நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். நாற்காலி உடைந்தது. பழைய நாற்காலி, அதற்கும் சுவருக்கும் ஆகவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

இன்று ஒரு அதிசயம். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வேட்டி முட்டிக்குமேல் ஏறிக் கிடந்தது. காற்று முட்டியில் படுகிறது, நானோ பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். அப்புறம்தான் நினைவு வந்தது, அடடே, இது வலிக்க வேண்டுமே என்று.

"ஏங்க, சும்மாவா இருக்கீங்க?" என்று எட்டிப் பார்த்தாள் பஞ்சவர்ணம்.

"ஏன், ஆடணுமா?" என்றேன்.

சிரித்துவிட்டாள். ஆடுகிற பல் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மார்ச் 2, ஞாயிறு

பேருந்து நிலையம் வரை நடந்து போய்த் திரும்பினேன். வலி இருக்கிறது. ஆனால் வலியாக இருக்கிறது, நெருப்பாக இல்லை. சாயங்காலம் பஞ்சவர்ணம் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு விரலை வைத்தாள். அப்புறம் உள்ளங்கையை வைத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், பிறகு கடிக்காமலும் இருந்தேன். இவ்வளவு சந்தோஷம் எனக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

காளியம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. மணிக்கட்டில் மஞ்சள் துண்டு வைத்த நூல். பூக்குழிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கிறது. அதுவரை கடை அடைப்பு, கவிச்சி கிடையாது, பாயில் படுக்கை, ஊர் எல்லை தாண்டக் கூடாது. இந்த ஊரில் பூக்குழியில் முதலில் இறங்குகிறவன் நான்தான், கல்யாணத்துக்கு முந்தியிருந்தே. ஒரு கொப்புளம் கண்டதில்லை. நெருப்பில் நடக்கிற எனக்குப் பஞ்சு பட்டால் வலிக்கிறது, இதை வெளியே சொன்னால் ஊர் சிரிக்காதா?

ஜெசிந்தாவிடம் கேட்டதற்கு, "இறங்காதீங்கன்னு சொன்னா கேக்கவா போறீங்க? மாத்திரைய மட்டும் விட்றாதீங்க ஐயா" என்றது.

மார்ச் 6, வியாழன்

சிக்கந்தர் பாய் வந்திருந்தார். கறிக்கடைகளில் மிஞ்சுகிற எலும்பு, கொம்பு, குளம்பை எல்லாம் வாரிக்கொண்டு போகிறவர், எனக்குப் பழக்கமான ஆள். கடை அடைத்திருப்பதால் பின்கட்டில் இருந்த டிரம்மைக் காலி செய்ய வந்தார். பேச்சுவாக்கில் கேட்டேன், இத்தனை எலும்பையும் கொண்டுபோய் என்னதான் செய்கிறீர்கள் என்று.

"கம்பெனிக்குப் போகுதுண்ணே. ஆட்டெலும்பு மாட்டெலும்பு எல்லாம் ஒண்ணாத்தான். வேக வச்சு, வடிகட்டி, பசை எடுப்பாங்க. அதுலதான் மாத்திரைக்குக் கூடு செய்வாங்க. இந்தக் கலர் கலராக் கூடு போட்ட மாத்திரை வருதுல்ல, அது."

"எது?"

"அதாண்ணே, ரெண்டு கலர்ல. பிரிச்சா உள்ள மருந்து இருக்கும்ல."

டிரம்மைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு சிரித்தபடி போய்விட்டார். அவர்மேல் தப்பில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்து காப்பைப் பார்த்தேன். காப்போடு நேற்றும் இன்றும் முழுங்கியிருக்கிறேன். அதுவும் மாட்டெலும்பு! குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். ஆத்தா, தெரியாமல் செய்தது.

பூக்குழி முடியும்வரை மாத்திரை கிடையாது. பஞ்சவர்ணத்திடம் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஜெசிந்தாவுக்குப் போன் போடுவாள், ரெண்டு பேரும் சேர்ந்து என் உயிரை வாங்குவார்கள்.

மார்ச் 8, சனி

பஞ்சவர்ணம் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து நீட்டினாள். தண்ணீரைக் குடித்தேன். மாத்திரை சாக்கடையில்.

பிறகு ஒன்று நடந்தது. கண்ணை இடது பக்கம் திருப்பினேன், மண்டைக்குள் சுருக்கென்று மின்சாரம் அடித்தது. வலது பக்கம் திருப்பினேன், மறுபடியும். விரல் நுனி வரை ஓடியது. வேர்வை ஆறாக ஊற்றுகிறது. பூசாரியிடம் சொன்னேன். அவர் என் கண்ணையே பார்த்துவிட்டு, "இது ஆத்தா வர்ற வழிய்யா. வாயத் தொறக்காம இரு" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருடம் நெருப்பில் இறங்கினேன், ஒருதரம்கூட எனக்கு அருள் வந்ததில்லை. இப்போது வருகிறாள். எலும்புக் கூட்டை முழுங்குவதை நிறுத்தியதும் வருகிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

கோயிலில் சாயங்கால பூசை. உறுமி அடிக்கிறவன் எனக்குப் பக்கத்தில் நின்றான். ஒவ்வொரு அடியும் முட்டிக்குள் இறங்கியது. விழாக் கமிட்டித் தலைவர் கோட்டைச்சாமி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தவர் என் முட்டியில் முட்டியால் இடித்தார். கண்ணில் பூச்சி பறந்தது. விட்டேன் ஒரு அறை. மூக்குக்கண்ணாடி உறுமிக்காரன் காலடியில் போய் விழுந்தது. மூக்கில் ரத்தம்.

ஊரில் பெரிய மனிதர். திருப்பி அடிப்பார், கட்டிப் புரள வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவர் ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

"ஆத்தா, நான் என்ன குத்தம் செஞ்சேன்? சொல்லித்தா தாயே!"

பூசாரி என் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் போட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். நான் இன்னும் ரெண்டு பேரை அடித்தேன். அவர்களும் கும்பிட்டார்கள். அடிக்கிற நேரம் முட்டி வலி குறைந்தது என்று சத்தியமாகச் சொல்வேன்.

மார்ச் 11, செவ்வாய்

வீட்டு வாசலில் கூட்டம். குறி கேட்க வந்திருக்கிறார்கள். ஒருத்தி புருஷன் குடிக்கிறான் என்றாள், ஒருவர் வழக்கு ஜெயிக்குமா என்றார். வேப்பங்குலையால் அடித்தேன். முதுகு தடித்துப்போய், கண்ணில் நீர் வழியச் சந்தோஷமாகப் போனார்கள். ஊரே என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது.

பஞ்சவர்ணத்தின் முகம் மட்டும் நன்றாக இல்லை. எல்லோரும் போன பிறகு சோறு போட்டுவிட்டுக் கேட்டாள்.

"மாத்திரை ஒழுங்காப் போடுறீங்கள்ல?"

"போடாம?"

"அப்புறம் ஏன் ஃபேன நிறுத்தச் சொல்றீங்க? மறுபடி பழைய மாதிரி ஆயிருச்சா?"

"வீட்டுக்குள்ள ஆத்தா வந்திருக்கா, நீ ஃபேனப் பத்திப் பேசுற. அடிச்சா நான் அடிக்கல, அவ அடிக்கிறா. தெரிஞ்சுக்க."

"ஆத்தா பொம்பளதான? போன மாசம் வரைக்கும் பல்லு ஆடிக்கிட்டுக் கெடந்த ஒரு பொம்பளைய மிரட்ட அவ எதுக்குங்க வரணும்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள். சோற்றுத் தட்டு சுவரில் பட்டது. ரசம் ஒழுகியது. அவள் மேல் படவில்லை. இதை நன்றாகக் குறித்துக்கொள்ளலாம், அவள் மேல் படவில்லை.

மார்ச் 13, வியாழன்

தூக்கம் இல்லை. பாயின் கோரை ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குத்துகிறது. முட்டி மட்டுமில்லை, முதுகு, தோள், பல் ஈறு வரை வலி. இரும்பு வாளியைக் கிணற்றடியில் வைக்கிற சத்தம்கூட வலிக்கிறது. ஆத்தா, எத்தனை சோதனை.

மார்ச் 14, வெள்ளி

எழுதக் கை ஓடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காப்புக் கட்டியவன் வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரி வாசலில் வைத்து அவனுக்கு முட்டியிலிருந்து பாதம் வரை மஞ்சள் தண்ணீர் ஊற்றிச் சந்தனம் பூசி அனுப்ப வேண்டும். இது எங்கள் வழக்கம். தெருவே கூடி நின்றது. பஞ்சவர்ணம் பித்தளைச் செம்போடு வந்து குனிந்தாள். என் காதருகே, "மாத்திரை போட்டீங்கள்ல? ஊத்தவா?" என்று கேட்டாள். போட்டேன், ஊற்று என்றேன். அவ்வளவு பேர் பார்க்கும்போது வேறு என்ன சொல்வது?

ஊற்றினாள். முட்டியில் கொதிக்கிற எண்ணெய் விழுந்தது. வெறும் மஞ்சள் தண்ணீர்தான், எனக்குத் தெரியும், ஆனால் கொதிக்கிற எண்ணெய் விழுந்தது. செம்பு என் கைக்கு வந்துவிட்டது. அவள் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினாள். செம்பு அந்தக் கையில் பட்டது. மறுபடியும் பட்டது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குத் தெரியாதா? என் தொழிலே அதுதான். அதற்குப் பிறகும் ஒருமுறை பட்டது.

குலவைச் சத்தம் வானத்தைப் பிளந்தது. ஆள் ஆளுக்கு என் காலில் விழுந்தார்கள். பூசாரி தேங்காய் உடைத்தார். பஞ்சவர்ணம் சுவர் ஓரமாகச் சரிந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை இருக்கக் கூடாத திசையில் இருந்தது. ஒரு அம்மாள் அவள் நெற்றியில் திருநீறு பூசி, "குடுத்து வச்சவடி நீ, ஆத்தா கையால அடி வாங்கிருக்க" என்றாள். அவளைத் தூக்கிவிட யாரும் குனியவில்லை. என்னைத்தான் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள்.

அவள் அழவில்லை. போகிற என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 15, சனி

தவசி வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டானாம். நான் கோயிலிலிருந்து வரும்போது வீடு பூட்டிக் கிடந்தது. சாமி வந்தது, நான் என்ன செய்ய முடியும்? அவளுக்குத் தெரிய வேண்டாமா? எல்லை தாண்டக் கூடாது என்று காப்பு வேறு கட்டியிருக்கிறது. இல்லாவிட்டால் இன்றே போய்க் கூட்டிவந்திருப்பேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஜெசிந்தா போன் செய்தது. நாள் குறித்திருந்தும் நான் ஏன் வரவில்லை என்று கேட்டது. நான் பெருமையாகச் சொன்னேன், எனக்கு அருள் இறங்கியிருக்கிறது, கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் மின்னல் வெட்டுகிறது என்று.

"ஐயா, வேர்த்து ஊத்துதா? சின்னச் சத்தம் கேட்டாக்கூட எரிச்சல் வருதா?"

"ஆமா. உனக்கு எப்பிடித் தெரியும்?"

"மாத்திரைய நிறுத்திட்டீங்களா?"

எலும்புக் கூடு விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பிள்ளை தலையில் அடித்துக்கொண்டிருக்க வேண்டும், சத்தம் கேட்டது.

"அந்த மாத்திரைய ஒரேயடியா நிறுத்தினா இப்பிடித்தான் ஐயா மண்டைக்குள்ள வெட்டும். அடங்கியிருந்த வலி மொத்தமாத் திரும்பும். ஒரு போன் போட்டிருக்கலாமே? செடியில இருந்து செய்யிற கூடும் இருக்கு, கூடே இல்லாத வில்லையாவும் இருக்கு. டாக்டர்கிட்டச் சொன்னா மாத்தித் தந்திருப்பாங்களே. அக்காகிட்டக் குடுங்க."

போனை வைத்துவிட்டேன்.

ஒரு போன். சைவ மாத்திரை. சுவரில் மண்டையை மோதிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து மனது லேசானது. அப்படியானால் ஆத்தாவும் இல்லை, நானும் இல்லை. மாத்திரை இல்லாத குறைதான் அடித்தது. இதைப் பஞ்சவர்ணத்திடம் விளக்கிச் சொன்னால் போதும். அவள் நியாயம் தெரிந்தவள், புரிந்துகொள்வாள், வந்துவிடுவாள்.

மார்ச் 17, திங்கள்

பூசாரியிடம் போய், "எனக்கு வந்தது அருள் இல்லை. மாத்திரையை நிறுத்தினதால வந்த கோளாறு. என்னை விடுங்க, நான் உசிலம்பட்டி போகணும்" என்றேன். கோட்டைச்சாமியும் இருந்தார். ரெண்டு பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"ஆத்தா நம்மளச் சோதிக்கிறா" என்றார் பூசாரி.

"நான்தான்யா பேசுறேன்! வீரணன்!"

"தெரியும் தாயே" என்றார் கோட்டைச்சாமி.

கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. கத்தக் கத்தக் கும்பிடுகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று பூக்குழி. விறகு அடுக்கிப் பற்ற வைத்துவிட்டார்கள். நான் பேருந்து நிலையத்துக்குப் போனேன். உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறப்போகையில் கமிட்டி ஆட்கள் வந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

"காப்போட எல்லை தாண்டினா ஊருக்கு ஆகாதுய்யா!" என்று கோட்டைச்சாமி அலறினார்.

காப்பை எல்லோர் முன்னாலும் பல்லால் கடித்து அறுத்துத் துப்பினேன். பிறகு கோட்டைச்சாமி அடித்தார். காப்பு இல்லாதவன் கன்னத்தில் அறைய அவருக்கு ஒரு பயமும் இல்லை. கீழே தள்ளி மிதித்தார்கள். ஒருவன் செருப்புக் காலோடு முட்டியில் ஏறினான். நான் போட்ட அலறலில் கண்டக்டர் இறங்கி ஓடிவந்து என்னைப் பிடுங்கி பஸ்ஸுக்குள் போட்டார். வழி முழுவதும் ஒவ்வொரு குழியிலும் கத்திக்கொண்டு போனேன். என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டேன்.

தவசி வாசலில் நின்றான். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் உலக்கையோடு வந்தான். "விடு தவசி" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பஞ்சவர்ணம் நிலைப்படிக்கு வந்தாள். வலது கை முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு, கழுத்திலிருந்து துணி கட்டித் தொங்கியது. கன்னம் நீலமாக வீங்கியிருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் ஊதிப்போய் இருந்தன.

நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எலும்புக் கூட்டைச் சொன்னேன், விரதத்தைச் சொன்னேன், ஜெசிந்தா சொன்னதைச் சொன்னேன். முட்டி கொஞ்சம்தான் கெட்டிருக்கிறது, நரம்புதான் அதைப் பெரிதாக்குகிறது, மஞ்சள் தண்ணீர் எனக்குக் கொதிக்கிற எண்ணெய் என்று சொன்னேன். "சாமி இல்ல, வர்ணம். நானும் இல்ல. வலி. எவ்வளவு வலின்னு உனக்குத் தெரியாது. மாத்திரைய மாத்திக்கிறேன். வா, போவோம்."

முழுவதையும் கேட்டாள். தவசியின் மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்தவள் தெரியாமல் அந்தக் கையில் இடித்துவிட்டாள். பஞ்சவர்ணத்துக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது. கீழுதட்டைக் கடித்தாள், கண்ணை மூடினாள், இடது கையால் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ மதினி" என்று அந்தப் பெண் பதறியது. "ஒண்ணுமில்லம்மா, நீ போ" என்று அவள் தலையைத் தடவி அனுப்பினாள். மூச்சு வாங்கி முடிந்த பிறகு என்னைப் பார்த்தாள்.

"எனக்கும் வலிக்குது. நான் யார அடிச்சேன்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டாள். பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். தவசி கதவைச் சாத்தினான்.

உசிலம்பட்டி பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். யாரையும் இல்லை. அதுதான் பதில். அவள் கேட்டபோது அது எனக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்லவில்லை.